செங்கோலை நம்பாத சேவகர்: புனித யோசேவாஸ் முனிவர்



நாவலப்பிட்டியை விட்டுப் புறப்படும் புகைவண்டி வட்டவளையைக் கடந்து, மலையைச் சுற்றிச் சுற்றி மேலேறி, றொசல்ல நிலையத்தில் வந்து நிற்கும் வேளையில் வெளியே எட்டிப் பாருங்கள். இரு மருங்கிலும் தேயிலை. அதன் நடுவே வரிசை வரிசையாக நிழல் மரங்கள். அந்த மரங்களைப் பற்றித் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அளவான நிழல் செடிக்கு நல்லது. நிழல் மிஞ்சினால் கொழுந்து குறையும். மரம் முறிந்து விழுந்தால் அடியில் நிற்கும் செடியும் நசுங்கும். செடி உயிர் வாழ்வது மரத்தின் நிழலால் அல்ல, தன் சொந்த வேரால்.

திருச்சபைக்கும் நாடாளுவோருக்கும் உள்ள உறவும் ஏறக்குறைய இத்தகையதே. ஆட்சியின் நிழல் சில காலம் திருச்சபைக்குக் கிடைத்ததுண்டு. சில காலம் அதே ஆட்சி கோடரியாக வந்து விழுந்ததும் உண்டு. இரண்டு நிலையிலும் திருச்சபையைக் காத்தது எது? இக்கேள்விக்குத் தம் வாழ்வாலேயே விடை தந்த ஒரு குருவானவர் இதே மலைநாட்டில் வாழ்ந்தார். நம் கண்டி மாநகரிலேயே உயிர் துறந்தார். அவரே புனித யோசேவாஸ் முனிவர். ஜனவரி 16ஆம் நாள் அவருடைய திருநாளைக் கொண்டாடுகிறோம். அவருடைய சுரூபத்தின் முன் மெழுகுதிரி ஏற்றுகிறோம். ஆயினும் அவருடைய வாழ்வின் உட்பொருளை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்கிறோமா? சற்று அமர்ந்து கேளுங்கள்.

உறோமையில் நடந்தது

முதலில் பழங்காலத்துக்குச் சென்று வருவோம். திருச்சபையின் முதல் முந்நூறு ஆண்டுகள் வேதகலாபனையின் ஆண்டுகள். 64ஆம் ஆண்டில் உறோமை நகர் தீப்பற்றி எரிந்தபோது, நீரோ மன்னன் அப்பழியைக் கிறிஸ்தவர் தலையில் சுமத்தினான். 303ஆம் ஆண்டில் தியோக்கிளேசியன் ஆலயங்களை இடிக்கவும் வேதநூல்களை எரிக்கவும் கட்டளையிட்டான். பத்தே ஆண்டுகளில் காற்று திசை மாறிற்று. 313ஆம் ஆண்டில் கொன்ஸ்தந்தீனும் லிசீனியுவும் மிலான் நகரில் உடன்பட்டுக் கிறிஸ்தவர்களுக்கு முழுச் சுதந்திரம் வழங்கினர். 325ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய சங்கத்துக்கு ஆயர்கள் அரசாங்கச் செலவிலேயே பயணம் செய்தனர். முந்திய வேதகலாபனையில் கண்ணை இழந்த ஆயர்களும் அவர்களுள் இருந்தனர். சிறையில் வாடியவர்கள் பேரரசனுடைய விருந்தில் அமர்ந்தார்கள். 380ஆம் ஆண்டில் தெயோதோசியுவின் ஆணையால் கத்தோலிக்க விசுவாசமே பேரரசின் சமயமாயிற்று.

இது வெற்றிதானே என்று நீங்கள் எண்ணலாம். வெற்றிதான், ஆனால் கூடவே ஒரு சோதனையும் வந்தது. நிசேயாவின் விசுவாசத்தை விட்டுக்கொடாத அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியாரை ஐந்து முறை நாடு கடத்தியவர்கள் யார்? அவர்களுள் முதல்வன் கொன்ஸ்தந்தீனே. 388ஆம் ஆண்டில் கல்லினிக்கம் என்ற ஊரில் கிறிஸ்தவர்கள் யூதருடைய செபக்கூடத்தைக் கொளுத்தினர். ஆயரே செலவு செய்து அதைத் திரும்பக் கட்ட வேண்டுமெனத் தெயோதோசியு தீர்ப்பளித்தபோது, மிலான் ஆயர் அம்புரோசியார் தடுத்துவிட்டார். இன்று அதைப் படிக்கும்போது நமக்கு வேதனையே உண்டாகிறது. அதே அம்புரோசியார்தான், இரண்டு ஆண்டுகள் கழித்து, தெசலோனிக்கா நகரில் அப்பாவி மக்களைக் கொன்று குவித்த அதே பேரரசனைப் பகிரங்கமாகப் பாவப்பரிகாரம் செய்யவைத்தார். ஆட்சியோடு நெருங்கி நின்ற திருச்சபை ஒரு நாள் அநியாயத்துக்கு அரணாக நின்றது. மறுநாள் அநியாயத்தைக் கண்டித்து நின்றது. அதிகாரத்தின் அருகில் நிற்பது அவ்வளவு ஆபத்தான காரியம்.

நம் நாட்டில் நடந்தது

உறோமையில் முந்நூறு ஆண்டுகளில் நடந்த நாடகம், நம் இலங்கையில் நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் தலைகீழாக நடந்தேறியது.

இங்கும் தொடக்கத்தில் வேதசாட்சிகள் இருந்தனர். 1544ஆம் ஆண்டில், ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்கள் அறுநூறு பேர் வரையில், யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியின் வாளுக்கு இரையாயினர். பின்னர் போர்த்துக்கேயரின் ஆட்சி பரவியது. 1557ஆம் ஆண்டில் கோட்டை அரசன் தர்மபாலன் ஞானஸ்நானம் பெற்றான். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரின் கையில் வீழ்ந்தது. சிலுவையும் கொடியும் ஒன்றாக வந்தன. தியாகமே உருவான நல்ல குருக்கள் பலர் வந்தார்கள் என்பது உண்மை. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலும் திருக்கோணேஸ்வரமும் அக்காலத்தில் இடிக்கப்பட்டன என்பதும் உண்மை. நம் அயலவரின் மனத்தில் அந்தக் காயம் நெடுங்காலம் ஆறாமல் இருந்தது. உத்தியோகத்துக்காகவும் சலுகைக்காகவும் வேதத்தில் சேர்ந்தோரும் உண்டு.

அந்த நிழல் மரம் ஒரு நாள் முறிந்தது. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைப் பிடித்தனர். 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தனர். குருக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்க குருவுக்கு இடங்கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அவ்வாண்டிலேயே பறை சாற்றப்பட்டது. ஆலயங்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைக்குப் போயின. அச்சபையில் ஞானஸ்நானமும் விவாகமும் பதிந்தவருக்கே உத்தியோகமும் சொத்துரிமையும் என்றாயிற்று. பெயர்கள் பள்ளித் தோம்புகளில் எழுதப்பட்டன. நேற்றுவரை அரசனுடைய சமயத்தில் இருந்தவர் பலர், இன்று புதிய அரசனுடைய சமயத்துக்குத் தாவினர். நிழலை நம்பி வந்தவர்கள் நிழலோடு போனார்கள்.

எல்லோரும் போய்விடவில்லை. மாந்தையிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் சில மாதாவின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள் புகுந்தன. அதுவே பின்னாளில் நம் மருதமடுத் திருப்பதி ஆயிற்று. வேறு சிலர் கண்டி மன்னனின் எல்லைக்குள் வந்து தஞ்சம் புகுந்தனர். மாத்தளைப் பகுதியில் வாகக்கோட்டை அத்தகையோர் வாழ்ந்த ஊரே. குருவின்றி, பூசையின்றி, பாவசங்கீர்த்தனமின்றி, செபமாலையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் காத்திருந்தார்கள். சிந்தித்துப் பாருங்கள். ஞானஸ்நானம் பெற்ற குழந்தை, ஒரு குருவையும் காணாமலே தானும் பிள்ளைகளைப் பெறும் காலம் அது.

கோவையில் அல்ல, கோவாவில் பிறந்தவர்

இந்தச் செய்தி எட்டிய இடம் கோவா. அங்கே பெனாலிம் என்னும் ஊரில், தாயாரின் வீட்டில், 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் பிறந்தவர் யோசேவாஸ். தந்தையார் கிறிஸ்தோபர் வாஸ், ஊர் சங்குவாளே. தாயார் மரிய மிராண்டா. கொங்கணி பேசும் குடும்பம். 1676ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு, தம்மை மாதாவுக்கு அடிமையாக எழுதிக்கொடுத்துக் கைச்சாத்திட்டார். அன்று முதல் அடிமை என்ற பட்டத்தைத் தவிர வேறு பட்டம் எதையும் அவர் விரும்பவில்லை.

அக்காலத்தில் கோவாவில் போர்த்துக்கேயரே ஆண்டவர்கள். அவர்களுடைய துறவற சபைகள் நம்மவரை, நிறம் கறுத்தவரை, பொதுவாகத் தம்முள் ஏற்பதில்லை. எனவே நம் நாட்டுக் குருக்கள் சிலர் ஒன்றுகூடிப் புனித பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைப் பின்பற்றி ஒரு சிறு சபையைத் தொடங்கினர். அதுவே கோவா ஒரட்டோரியன் சபை. 1685ஆம் ஆண்டில் யோசேவாஸ் அதில் சேர்ந்து, அதன் தலைவராகவும் தெரிந்தெடுக்கப்பட்டார்.

அதற்கு முன் அவர் கன்னட நாட்டில் மூன்று ஆண்டுகள் பணி செய்தார். அங்கே அவர் கண்ட காட்சி மனத்தை உறுத்தியது. ஆயர்களை நியமிக்கும் உரிமை தனக்கே உண்டென்று போர்த்துக்கல் அரசு ஒரு புறம். உறோமாபுரி நேரடியாக அனுப்பிய ஆயர் மறு புறம். ஒருவர் ஆளை மற்றவர் ஏற்கவில்லை. யாரிடம் பெறும் திருவருட்சாதனங்கள் செல்லும் என்று தெரியாமல் ஏழை விசுவாசிகள் திகைத்தனர். இரு பக்கத்தாரையும் சமாதானப்படுத்தவும் மக்களின் மனக்கலக்கத்தைத் தணிக்கவும் அவர் பாடுபட்டார். அரசனுடைய கை திருச்சபையின் தோளில் அளவுக்கு மிஞ்சி அழுத்தினால் என்ன நேரும் என்பதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை, கண்ணால் கண்டார்.

கூலியாளாக வந்த குரு

1686ஆம் ஆண்டில் யோசேவாஸ் கோவாவை விட்டுப் புறப்பட்டார். படை இல்லை, கப்பல் இல்லை, அரச முத்திரை பதித்த கடிதம் இல்லை. கூடவந்தவர் யோவான் என்ற பணியாள். மேற்குக் கரையோரமாக நடந்தும் தோணியேறியும் தூத்துக்குடிக்கு வந்தார். தூத்துக்குடியும் அப்போது ஒல்லாந்தர் கையில் இருந்தது. அங்கியைக் களைந்தார், இடையில் ஒரு துண்டு, தோளில் ஒரு மூட்டை. பிழைப்புத் தேடிப் போகும் ஏழைக் கூலியாளாக 1687ஆம் ஆண்டில் கப்பல் ஏறினார். ஐரோப்பியக் குரு எவரும் ஒல்லாந்தரின் காவலைக் கடந்திருக்க முடியாது. உலகம் எந்த நிறத்தைத் தாழ்த்தி வைத்ததோ, அந்த நிறமே நற்செய்திக்குக் கதவு திறந்தது.

மலையக வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து நம் பாட்டன் பூட்டன்மார் வந்ததும் இதே கடல் வழியாகத்தானே? மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்களே. நோயில் விழுந்தவர்கள் வழியிலேயே கிடந்தார்களே! யோசேவாஸ் முனிவருக்கும் அதுவே நேர்ந்தது. கடலில் புயல் அலைக்கழித்தது. பட்டினியோடு மன்னாரில் கரை சேர்ந்தார். யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்ததும் கடும் வயிற்றோட்டம் கண்டது. தொற்று நோயென்று பயந்து, அவரை ஊருக்கு வெளியே கிடத்தினர். யாரோ ஒரு புண்ணியவதி ஊற்றிய கஞ்சியால் உயிர் பிழைத்தார் என்பர். நம் முன்னோர் வறுமையால் சுமந்த கோலத்தை அவர் அன்பினால் தாமே ஏற்றுக்கொண்டார்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும், கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குச் சென்றார். அது வயிற்றுக்கான பிச்சை மட்டுமல்ல. செபமாலையைக் கண்டதும் எந்த வீட்டாரின் முகம் மாறுகிறது என்று கவனித்தார். அவ்வாறே விசுவாசிகளைக் கண்டுபிடித்து, தாம் ஒரு குரு என்பதை மெல்ல வெளிப்படுத்தினார். பின்னர் சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடமாயிற்று. இரவில் பூசை, பகலில் தலைமறைவு. தமிழில் செபங்களும் உபதேசமும். முப்பது ஆண்டுப் பாவசங்கீர்த்தனங்களைக் கேட்டு முடிக்க எத்தனை இரவுகள் வேண்டியிருந்திருக்கும்!

1689ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவு அந்த இருளில் வாள் மின்னியது. நள்ளிரவுப் பூசைக்குக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தப் படையினர் வளைத்துக்கொண்டனர். ஏறக்குறைய முந்நூறு பேர் பிடிபட்டனர். முனிவர் அகப்படவில்லை. முதன்மையானவர்கள் எண்மர் விசுவாசத்தை மறுதலிக்க மறுத்தனர். அவர்களுள் ஒருவர் அடிபட்டே உயிர்விட்டார். மற்றவர்கள் விலங்கிடப்பட்டுக் கோட்டை வேலைக்கு அனுப்பப்பட்டனர்.

சிறையிலிருந்து அரண்மனை வாசலுக்கு

தம்மால் மக்களுக்கு ஆபத்து என்று கண்ட யோசேவாஸ் 1690ஆம் ஆண்டளவில் புத்தளம் சென்றார். அது கண்டி இராச்சியத்துக்கு உட்பட்ட இடம். ஒல்லாந்தரின் கட்டளை அங்கே செல்லாது. 1692இல் கண்டி நோக்கிப் புறப்பட்டார். கண்டியில் அரசு புரிந்தவன் இரண்டாம் விமலதர்மசூரியன், பௌத்த மன்னன். அவனுடைய சபையில் செல்வாக்குப் பெற்றிருந்த லனரோல் என்னும் பிரெஞ்சுக்காரர் கத்தோலிக்கரை வெறுத்தவர். வருகிறவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று அவர் கோள் சொன்னார். முனிவரை விலங்கிட்டுச் சிறையில் அடைத்தார்கள்.

சிறையிலே அவர் என்ன செய்தார் தெரியுமா? சிங்களம் கற்றார். காவலர்கள் நாளுக்கு நாள் அவரைக் கவனித்தார்கள். இந்த மனிதனிடம் ஒற்றனுக்குரிய இலட்சணம் எதுவும் இல்லையென்று அறிக்கை செய்தார்கள். கட்டுப்பாடு தளர்ந்தது. சிறை வளவிலேயே ஒரு சிறு குடிலைப் பூசைக்காக அமைத்துக்கொண்டார். கண்டியிலிருந்த கத்தோலிக்கர் ஒவ்வொருவராக அங்கே வரத் தொடங்கினர்.

1693ஆம் ஆண்டில் நாட்டில் மழை பொய்த்தது. பயிர்கள் கருகின. ஏனையோர் மன்றாடியதுபோல், மன்னன் இந்தக் கத்தோலிக்கக் குருவையும் மன்றாடக் கேட்டுக்கொண்டான். வெளியிலே பீடம் அமைத்து, சிலுவையை நாட்டி, முனிவர் முழந்தாளில் இருந்து செபித்தார். மழை கொட்டியது. நாற்புறமும் நனைந்தபோதும் பீடமும் அவரும் நனையவில்லை என்பது நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவந்த வரலாறு. மன்னன் அவருக்கு விடுதலை அளித்து, இராச்சியமெங்கும் சென்று போதிக்க அனுமதியும் தந்தான்.

மன்னன் ஏன் ஆதரித்தான்? பக்தி மட்டும் காரணமல்ல. அரச காரியமும் அதில் இருந்தது. கடற்கரை முழுவதும் ஒல்லாந்தர் கையில்; அவர்கள் விரட்டும் மக்களுக்கு இடங்கொடுப்பது கண்டிக்கு நட்டமல்ல. போர்த்துக்கேய மொழி கண்டி அரண்மனையிலும் வழங்கிய மொழி. அது தெரிந்தவர்கள் அரசனுக்குத் தேவை. இவையெல்லாம் முனிவருக்கும் தெரிந்தே இருக்கும். ஆனாலும் பிற சமயத்தாரிடம் பகை பாராட்டாத பெருந்தன்மையும் அந்த மன்னனிடம் இருந்தது. அதை நன்றியோடு நினைக்க நாம் கடமைப்பட்டவர்கள்.

வாசகர்களே, இந்த விந்தையைக் கவனியுங்கள். கிறிஸ்துவின் பெயரைத் தாங்கிய ஆட்சி கத்தோலிக்கரை வேட்டையாடியது. புத்த பெருமானை வணங்கிய மன்னன் அவர்களுக்கு அடைக்கலம் தந்தான். ஆகவே ஆளுவோனின் சமயம் எது என்று பார்த்து அவனை நம்புவதோ வெறுப்பதோ அறிவீனம் அல்லவா?

வைசூரி வந்த ஆண்டு

மன்னனுடைய தயவு கிடைத்தவர் அரண்மனை வாசலிலேயே தங்கிவிட்டாரா? 1697ஆம் ஆண்டு அதற்கு விடை சொன்னது. கண்டியில் வைசூரி பரவியது. மன்னன் நகரை விட்டு நீங்கினான். பிரபுக்கள் ஓடினர். நோய் கண்டவர்களைப் பெற்ற பிள்ளைகளே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அப்போது நகருக்குள் தங்கியவர்கள் யோசேவாஸ் முனிவரும், கோவாவிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த அவருடைய உறவினரான கர்வாலோ குருவானவரும். காட்டில் கிடந்தவர்களுக்குக் கொட்டில் போட்டார்கள். கைவிடப்பட்ட வீடுகளை வைத்தியசாலையாக்கினார்கள். புண்ணைக் கழுவினார்கள், கஞ்சி ஊட்டினார்கள், இறந்தவர்களுக்குத் தம் கையாலேயே குழி தோண்டினார்கள். பௌத்தர், சைவர், கத்தோலிக்கர் என்ற பேதம் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் நோயாளியாக வெளியே கிடத்தப்பட்டவர் அல்லவா அவர்? அந்தக் கஞ்சியை அவர் மறக்கவில்லை.

இந்தக் குரு இல்லாவிட்டால் தெருவெல்லாம் பிணமாய்க் கிடந்திருக்கும் என்று மன்னனே ஒப்புக்கொண்டான் என்பர். போர்த்துக்கேயரின் பீரங்கிகள் நூறாண்டு முயன்றும் கண்டியில் பெற்றுத்தராத மதிப்பை, ஒரு கஞ்சிக் கிண்ணம் பெற்றுத் தந்தது.

அண்ணாவியும் மூப்பரும்

இலங்கை அப்போது கொச்சி மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. கொச்சி ஆயர் 1696இல் யோசேவாசை இலங்கைக்குத் தம் பதில் குருவாக நியமித்தார். அதன் பிறகும் அவர் வெறுங்காலோடுதான் நடந்தார். ஒல்லாந்தரின் கண்ணில் மண்ணைத் தூவி, மாறுவேடத்தில் நீர்கொழும்புக்கும் கொழும்புக்கும் போய் வந்தார். வன்னியும் மன்னாரும் யாழ்ப்பாணமும் அவருடைய காலடி பட்ட இடங்கள்.

எல்லா ஊருக்கும் குரு போக இயலாது என்று அவருக்குத் தெரியும். ஆகவே ஊர்தோறும் அண்ணாவியாரையும் மூப்பரையும் ஏற்படுத்தினார். செபம் சொல்லிக் கொடுப்பவர், ஆபத்தில் ஞானஸ்நானம் கொடுப்பவர், மரித்தோரை அடக்கம் செய்பவர், குரு வரும் நாளை இரகசியமாய் அறிவிப்பவர்: எல்லோரும் சாதாரணக் குடும்பத்தவர். ஒல்லாந்தர் குருவைத் தேடினார்கள். திருச்சபையோ ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. எந்த வீட்டை இடிப்பார்கள்?

1705ஆம் ஆண்டில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வந்து சேர்ந்தார். தமிழிலும் சிங்களத்திலும் அவர் எழுதிய நூல்கள் மக்களின் சொத்தாயின. தவக்காலத்தில் பாடப்படும் வியாகுலப் பிரசங்கம் அவருடைய கைவண்ணமே. அரசனின் மொழியில் வந்த வேதம், மக்களின் மொழியில் வேர் பிடித்தது.

இருபத்து மூன்று ஆண்டுகள் இந்நாட்டுக்காக உழைத்துத் தேய்ந்த உடல் 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் ஓய்ந்தது. வயது ஐம்பத்தொன்பது. அப்போது நாட்டில் எழுபதினாயிரம் கத்தோலிக்கரும், பதினைந்து ஆலயங்களும், நானூறு சிற்றாலயங்களும் இருந்தன என்று கணக்குச் சொல்வர். தமக்கென ஒரு மாளிகையோ ஒரு காணித் துண்டோ அவர் சேர்த்ததாக வரலாறு இல்லை.

மரம் சாய்ந்தது; செடி நின்றது

முனிவரின் மறைவுக்குப் பின்னும் கண்டி மன்னரின் ஆதரவு சில காலம் நீடித்தது. என்றென்றைக்கும் நீடிக்கவில்லை. 1740களில், சிறீ விஜய இராஜசிங்கனின் காலத்தில் காற்று மாறியது. குருக்கள் இராச்சியத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். கண்டியில் ஆலயம் இடிக்கப்பட்டது. முனிவரை அடக்கம் செய்த இடமும் மறைந்துபோயிற்று. இன்றுவரை அக்கல்லறை எங்கே என்று எவராலும் காட்ட முடியவில்லை.

ஆலயம் போயிற்று, கல்லறை போயிற்று. விசுவாசம் போயிற்றா? இல்லை. 1658இல் ஆட்சி சாய்ந்தபோது ஆயிரமாயிரம் பேர் சாய்ந்தார்கள். இம்முறை அவ்வாறு நடக்கவில்லை. கண்டி மன்னனின் நிழல் போன பின்னும், ஒல்லாந்தரின் தடை நீங்கும் முன்னும், அண்ணாவிமாரும் தாய்மாரும் விளக்கை அணையவிடவில்லை. 1796இல் ஆங்கிலேயர் வந்தனர். 1806இல் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியபோது, உயிரோடிருந்த ஒரு திருச்சபையைத்தான் அவர் கண்டார்.

கொன்ஸ்தந்தீன் பேரரசன் தன் தலைநகரில், அப்போஸ்தலர்களின் பெயரால் எழுப்பிய பெரிய ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டான். அந்த ஆலயமும் இன்று இல்லை. பேரரசனின் கல்லறையும் மறைந்தது, பிச்சைக்காரக் குருவின் கல்லறையும் மறைந்தது. ஆனால் 1995ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அந்தப் பிச்சைக்காரக் குருவை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் அதே திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

நமக்கு என்ன?

மலையகத்தில் வாழும் நமக்கு அதிகாரத்தின் முகம் புதிதல்ல. 1948இல் ஒரு சட்டத்தின் ஒரு வரியில் நம் மக்கள் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் இரு நாட்டுத் தலைவர்கள் கையெழுத்திட்டபோது, பக்கத்து லயத்துச் சொந்தங்கள் பிரிந்து கப்பல் ஏறினார்கள். பின்னர் வேறு சட்டங்கள் வந்து, 2003ஆம் ஆண்டோடு குடியுரிமைக் குறையும் தீர்ந்தது. ஒருவர் எடுத்தார், ஒருவர் கொடுத்தார். உரிமையைக் கேட்டுப் பெறுவது நம் கடமை. நல்லது செய்தவருக்கு நன்றி சொல்வதும் கடமை. யோசேவாஸ் முனிவரும் கண்டி மன்னனை மதித்தார்; அவன் தந்த சுதந்திரத்தை மறுக்கவில்லை.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். தேர்தல் காலத்தில் நம் தோட்டத்து ஆலயத்துக்குக் கூரைத் தகடு தருகிறேன், மணி வாங்கித் தருகிறேன் என்று வருவோர் உண்டு. திருநாளன்று முன் வரிசை ஆசனம் அவருக்கே என்று நாமும் ஓடுகிறோம். தகட்டை வாங்குவதற்கு முன், அதற்கு ஈடாக எதைக் கேட்பார் என்று ஒரு கணம் எண்ணுங்கள். அநியாயம் நடக்கும்போது வாய் திறக்க முடியாதபடி அந்தத் தகடு நம் வாயை மூடிவிடுமானால், ஓலைக் கூரையே மேல். கல்லினிக்கத்தையும் தெசலோனிக்காவையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எத்தனையோ தோட்டங்களுக்கு ஞாயிறுதோறும் குருவானவர் வந்து பூசை செய்ய முடிவதில்லை. சாமியார் வராததால் பிள்ளைகள் செபம் மறந்துவிட்டார்கள் என்று பெற்றோர் முறையிடுவதைக் கேட்கிறோம். முப்பது ஆண்டுகள் குருவைக் காணாத தாய்மார், அடுப்படியில் செபமாலை சொல்லிக் கொடுத்துத்தானே இந்த விசுவாசத்தை நம் கையில் தந்தார்கள்? பெரட்டுக்குப் போகும் முன் ஒரு சிலுவை அடையாளம், விளக்கு வைத்ததும் ஒரு பத்து மணி செபம், பக்கத்து வீட்டில் காய்ச்சல் என்றால் அவர் எந்தச் சமயத்தவரானாலும் ஒரு கிண்ணம் கஞ்சி. இவற்றுக்கு அரசாங்க அனுமதி வேண்டாம். எந்த அரசாங்கத்தாலும் இவற்றைப் பறிக்கவும் இயலாது.

அடுத்த முறை மலைச்சரிவில் நிழல் மரத்தைக் காணும்போது, அடியில் நிற்கும் தேயிலைச் செடியையும் பாருங்கள். அதன் வேர் பாறை இடுக்கிலும் இறங்கி நீர் தேடிக்கொள்கிறது. அதுபோல நம் குடும்பங்களின் விசுவாசமும் வேர் ஊன்றி நிற்கப் புனித யோசேவாஸ் முனிவர் நமக்காக மன்றாடுவாராக!